மூன்று மாதத் தொண்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். எனக்கு வயது இருபத்தேழு. பி.காம். முடித்துத் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இந்த வேலையை விட்டு அடுத்த வேலையில் சேர்வதற்கு முன் மூன்று மாதம் கென்யாவுக்குப் போக நினைக்கிறேன். கிசுமு பக்கம், எய்ட்ஸ் நோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்த குழந்தைகளுக்கான இல்லம் ஒன்று இருக்கிறது. ஏற்பாடு செய்து தரும் முகவர் நிறுவனம் தங்குமிடம், சாப்பாடு சேர்த்து இரண்டு லட்சம் ரூபாய் கேட்கிறது. விமான டிக்கெட் தனி. அனுபவம் எதுவும் தேவையில்லை, குழந்தைகளோடு விளையாடி, கொஞ்சம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, அன்பு காட்டினால் போதும் என்கிறார்கள். அவர்கள் அனுப்பிய வீடியோவில் வேனிலிருந்து இறங்கும் ஒவ்வொருவரையும் குழந்தைகள் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார்கள். பார்த்து அழுதுவிட்டேன். "நம்மூரில் இல்லாத பிள்ளைகளா?" என்று என் தாயார் கேட்கிறார். எனக்குப் பெரிய திறமை ஒன்றும் கிடையாது, அன்பு மட்டும்தான் இருக்கிறது. போகலாமா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

கென்யாவுக்குப் போங்கள். அந்த இல்லத்துக்கு மட்டும் போகாதீர்கள்.

முதலில் அந்த வீடியோவைப் பற்றிப் பேசவேண்டும். உங்களை அழவைத்த அதே காட்சிதான் எனக்குக் கவலை தருகிறது. முன்பின் தெரியாத ஆள் வாசலில் வந்து நின்றால் நான்கு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? கிசுமுவுக்கு மேற்கே சியாயா பகுதியில், பெற்றோரை இழந்த பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களுக்குத் துணைநிற்கும் ஓர் ஊர் அமைப்போடு நான் வேலை செய்த காலத்தில், அமைப்பின் தொண்டர்களோடு வீடு வீடாகப் போவது வழக்கம். ஒரு வீட்டில் பாட்டி முறத்தில் ஒமேனாக் கருவாட்டைப் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தார். விக்டோரியா ஏரியில் பிடிக்கும், விரல் நீளம்கூட இல்லாத பொடி மீன் அது. பேரன் பாட்டியின் இடுப்புத் துணியை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றான். நாங்கள் பேச்சுக் கொடுத்தால் ஒரு கண் மட்டும் எட்டிப் பார்க்கும். கடைசிவரை எங்கள் பக்கம் வரவேயில்லை. நாங்கள் கிளம்பியபோது அவனுக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்த பிள்ளைதான் அவன். ஆனால் தனக்கு யார் சொந்தம், யார் அந்நியர் என்பது அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

வருகிறவர் போகிறவர் எல்லோரையும் கட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு அந்த வேறுபாடு தெரியாமல் போயிருக்கிறது. இல்லங்களில் வளரும் குழந்தைகளிடம் இந்தப் பழக்கத்தை ஆய்வாளர்கள் பல நாடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குடும்பங்களுக்குப் போனவர்கள், அதிலும் இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள், அறிவு வளர்ச்சியிலும் ஒருவரோடு ஒட்டி உறவாடும் தன்மையிலும் நன்றாகத் தேறினார்கள். பிள்ளைக்கு வேண்டியது காலையிலும் இரவிலும் மாறாமல் இருக்கும் ஒரே முகம். நீங்கள் மூன்று மாதம் தூக்கி வைத்துக் கொஞ்சிவிட்டு விமானம் ஏறுவீர்கள். உங்களுக்கு முன்னால் ஒரு அக்கா அப்படிப் போயிருப்பார், பின்னால் இன்னொருவர் வருவார். ஒவ்வொரு முறையும் இழப்பது அந்தப் பிள்ளைதான். உங்கள் அன்பில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அது உண்மையானதாக இருப்பதால்தான் அதை அங்கே கொண்டுபோய் இறைக்க வேண்டாம் என்கிறேன்.

அடுத்தது பணம். யுனிசெஃப் கணக்கில், தாய் தந்தை இருவரில் ஒருவரை இழந்தாலே அந்தக் குழந்தை பெற்றோரை இழந்ததாகத்தான் பதிவாகும். ஆகவே அந்தப் பெரிய எண்ணிக்கைக்குள் தாயோடோ தகப்பனோடோ வாழும் பிள்ளைகளே மிகுதி. இல்லங்களுக்குள்ளும் அதே கதைதான். உலகெங்கும் இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் ஐவரில் நால்வருக்காவது பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009-இல் எழுதியது. அப்படியானால் அவர்கள் ஏன் அங்கே இருக்கிறார்கள்? வறுமைதான். இல்லத்தில் சேர்த்தால் பள்ளிக்கூடமும் மூன்று வேளைச் சோறும் கிடைக்கும் என்று சொன்னால் எந்தத் தாய் மறுப்பாள்?

கம்போடியாவில் 2005-க்குப் பிறகு ஐந்தே ஆண்டுகளில் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் உயர்ந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் அங்கே பெரிய போரோ கொள்ளைநோயோ வந்து பெற்றோர்கள் மாண்டுவிடவில்லை. கூடியது சுற்றுலாப் பயணிகளின் கூட்டம். நேபாளத்தில் உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஹும்லா போன்ற தொலைதூர மலை மாவட்டங்களிலிருந்து, படிக்க வைக்கிறோம் என்று சொல்லிப் பிள்ளைகளைக் காத்மாண்டுவுக்குக் கூட்டிவந்தார்கள். பெற்றோர் இறந்துவிட்டதாகப் பொய்க் காகிதம் தயாரித்து, வெளிநாட்டினரிடம் காட்டிப் பணம் பறித்தார்கள். இப்படி நன்கொடைக்காகப் பிள்ளைகளை இல்லங்களுக்குக் கடத்துவதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவம் என்று ஆஸ்திரேலியா 2018-இல் சட்டம் கொண்டுவந்தபோது ஏற்றுக்கொண்டது. கென்ய அரசு 2017 நவம்பரில் புதிய இல்லங்களுக்குப் பதிவு தருவதை நிறுத்திவைத்தது. இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளைப் படிப்படியாகக் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்பும் பத்தாண்டுத் திட்டத்தையும் 2022-இல் அறிவித்தது. அந்த நாடே மூட நினைக்கும் கதவை நாம் பணம் கட்டித் திறந்து வைக்கலாமா?

இல்லம் நடத்துகிற எல்லோரும் கெட்டவர்கள் என்று எழுதினால் அது அநியாயம். சொற்பச் சம்பளத்துக்கு இரவு பகலாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களை நான் அறிவேன். உண்மையிலேயே யாரும் இல்லாத, திரும்பிப் போக வீடில்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை அங்கேயே தங்கியிருக்கும், அவர்கள் மொழி பேசும் பெரியவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது உங்களால் ஆகக்கூடிய வேலைக்கு வருகிறேன். கென்யா 1999-இல் எய்ட்ஸைத் தேசியப் பேரிடராக அறிவித்தது. விக்டோரியா ஏரிக்கரை மாவட்டங்கள்தான் அதிகம் அடிவாங்கின. நடுவயதுத் தலைமுறை ஒன்று சரிந்தபோது, அவர்கள் பெற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்தவர்கள் பாட்டிகள், அத்தைகள், சித்திகள். அரசும் அந்தக் கைகளைத்தான் பிடித்தது. 2004-இல் சோதனையாகத் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம், பெற்றோரை இழந்த பிள்ளைகளை வளர்க்கும் ஏழைக் குடும்பத்துக்கு மாதம் 2,000 ஷில்லிங் என்ற அளவுக்கு வந்தது. நம் பணத்தில் ஏறக்குறைய 1,300 ரூபாய். முகவர் கேட்கும் இரண்டு லட்சத்தை நீங்களே வகுத்துப் பாருங்கள்: ஒரு பாட்டியின் வீட்டுக்குப் பன்னிரண்டு ஆண்டுத் தொகை. கென்யாவின் மேற்குப் பகுதிப் பள்ளிகளில் சீருடையை இலவசமாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், அதனாலேயே பெண் பிள்ளைகள் படிப்பை நிறுத்துவதும் இளவயதில் கர்ப்பமாவதும் குறைந்தன. ஒரு பிள்ளையை வீட்டிலும் பள்ளியிலும் வைத்திருக்க ஆகும் செலவு பல நேரங்களில் அவ்வளவுதான்.

நான் இருந்த அமைப்பில் வளர்ப்புப் பாட்டிகளும் தாய்மாரும் சேர்ந்து சேமிப்புக் குழு நடத்தினார்கள். நம் மகளிர் சுய உதவிக் குழுவைப் பார்த்த கண்ணுக்கு அது புதிதாக இருக்காது. வாரம் ஒருநாள் மாமரத்தடியில் கூடுவார்கள். நடுவில் ஓர் இரும்புப் பெட்டி, அதில் மூன்று பூட்டு. சாவிகள் வெவ்வேறு மூன்று பெண்களிடம் இருக்கும். மூவரும் வந்தால்தான் பெட்டி திறக்கும். பணத்தை எல்லோர் முன்னிலையிலும் உரக்க எண்ணுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள் போன வார இருப்பை மனப்பாடமாகச் சொல்வார்கள். பூட்டிலும் எண்ணிக்கையிலும் அவர்கள் கெட்டி. தடுமாறியது நோட்டில்தான். கடன், வட்டி, அபராதம், ஆண்டு முடிவில் பங்கு பிரிப்பு எல்லாம் ஒரே பக்கத்தில் அடித்துத் திருத்தி எழுதியிருக்கும். நன்கொடையாளர் தணிக்கை அறிக்கை கேட்டால் அமைப்பின் செயலாளருக்குத் தூக்கம் போய்விடும். கணக்கு சரியில்லை என்பதற்காக அடுத்த ஆண்டுப் பணம் நின்றுபோன அமைப்புகள் உண்டு. அந்தப் பணம் யாருடைய சீருடை, யாருடைய தேர்வுக் கட்டணம் என்று யோசியுங்கள்.

எனக்குத் திறமை கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் பேரேட்டைச் சரிக்கட்டத் தெரிந்த பெண் எழுதுகிற வரியா இது? அந்த ஊரில் அன்புக்குப் பஞ்சம் இல்லை, அதைப் பாட்டிகள் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வரவு செலவு எழுதக் கற்றுக்கொடுக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. அமைப்பின் இளைஞர்கள் இரண்டு மூன்று பேருக்கு மூன்று மாதத்தில் கணக்கு எழுதவும் ஆண்டறிக்கை தயாரிக்கவும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தால், நீங்கள் போன பிறகும் அந்த வேலை நடக்கும்.

காகித வேலையும் மலைபோல் இருக்கிறது. உதவித்தொகைக்கும் மேல்நிலைப் பள்ளி நிதியுதவிக்கும் பிள்ளையின் பிறப்புச் சான்று, பெற்றோரின் இறப்புச் சான்று வேண்டும். வீட்டிலேயே இறந்து வீட்டு முற்றத்திலேயே புதைக்கப்பட்டவருக்குச் சான்று எங்கிருந்து வரும்? அரசு நியமித்த வட்டார அதிகாரியான சீஃப்பிடம் கடிதம் வாங்கி, பதிவு அலுவலகத்துக்கு நடையாய் நடக்கவேண்டும். அந்த நடையை உள்ளூர்த் தொண்டர்கள் நடப்பார்கள். யாருக்கு எந்தக் காகிதம் குறைகிறது என்று பட்டியலிட்டு வைக்க ஓர் ஒழுங்கான ஆள் கிடைத்தால் அவர்கள் கால் பாதி தப்பும். குழந்தைகளை நீங்கள் பார்க்காமலே இருக்கமாட்டீர்கள். வீடுகளுக்குப் போகும்போது பாட்டியோடு பார்ப்பீர்கள். அது போதும்.

ஸ்வாஹிலியில் ஒரு பழமொழி உண்டு: விருந்தாளிக்கு இரண்டு நாள், மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு. அப்படி உங்களிடம் மண்வெட்டி கொடுக்கிற அமைப்பைத் தேடுங்கள். முதல் அடையாளம் சொல்கிறேன். நீங்கள் யார் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்கும் போலீஸ் சான்று, முன்பு வேலை செய்த இடத்தின் கடிதம், பிள்ளைகள் பாதுகாப்பு விதிகளில் கையெழுத்து எல்லாம் இல்லாமல் உங்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் முகவர் இரண்டு லட்சத்தைத் தவிர எதையும் கேட்கவில்லை. உங்களிடம் கேட்காதவர் வேறு யாரிடமும் கேட்டிருக்கமாட்டார். அந்தப் பிள்ளைகளின் படுக்கை அறைவரை எப்படிப்பட்டவரெல்லாம் போய் வந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

உங்கள் தாயாரின் கேள்வி நியாயமானது. புறப்படுவதற்கு முன் திருப்பூரில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒருமுறை போய் வாருங்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில், குடும்பத்தோடு வளரும் ஆதரவற்ற பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தரும் வழி இருக்கிறது. அந்த விண்ணப்பத்தைப் பூர்த்திசெய்ய ஆள் இல்லாமல் எத்தனை குடும்பங்கள் விட்டுவிடுகின்றன என்று அங்கேயே கேளுங்கள். சனிக்கிழமைகளில் அந்த வேலையைச் செய்து பார்த்தால், கென்யாவில் என்ன காத்திருக்கிறது என்பதும் விளங்கும். அதற்காகக் கென்யா வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒரு பாட்டி இன்னொரு நாட்டுப் பாட்டியைப் போலவே பிள்ளை வளர்ப்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது பெரிய படிப்பு.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுக்கொள்ளவேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஏரிக்கரையில் மலேரியா அதிகம், மருத்துவரிடம் மாத்திரை கேளுங்கள். கூலி வாங்காத வேலைக்கும் குடிவரவுத் துறையின் அனுமதி வேண்டும். சுற்றுலா அனுமதியே போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முகவருக்கு முன்பணம் கட்டியிருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள். ஊர் அமைப்புகளுக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில் நான்கு கேள்விகள் போதும்: உங்கள் பிள்ளைகள் இரவில் எங்கே தூங்குகிறார்கள், அவர்களை வளர்ப்பவர் யார், உங்கள் கணக்கை எழுதுபவர் யார், என்னிடம் என்னென்ன சான்றுகள் கேட்பீர்கள். வருகிற பதில்களை எனக்கு அனுப்பி வையுங்கள். படித்துவிட்டு எழுதுகிறேன்.