இரண்டு நிமிடப் பாட்டுக்குப் பத்து நிமிட முன்னுரை

கேள்வி: எங்கள் ஊரில் மாதம் ஒருமுறை நண்பர்கள் கூடிப் பாட்டுக் கேட்போம். போன வாரம், பலருக்கும் தெரியாத ஆங்கில ‘பவர் பாப்’ பாடல்கள் 12 போட்டேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பத்து நிமிடம் விளக்கமும் கொடுத்தேன். ஒருவர், ‘பீட்டில்ஸ் மாதிரி இருக்கே’ என்றார். இன்னொருவர், ‘அவ்வளவு நல்ல பாட்டு என்றால் ஏன் ஓடவில்லை?’ என்று மடக்கினார். லோரி ஓட்டும் தம்பி, ‘அந்த டெலிபோன் பாட்ட இன்னொரு தடவ போடுங்கண்ணே’ என்றதோடு சரி. நம்மவர்களுக்கு ரசனை எப்போது வரும்?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா)

பதில்: 12 பாட்டு, தலைக்குப் பத்து நிமிடம். ஆக, இரண்டு மணி நேரம் நீங்களே பேசியிருக்கிறீர்கள். பாட்டு மொத்தமும் சேர்ந்தால்கூட நாற்பது நிமிடம் தேறாது. அதுவரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கா ரசனை இல்லை என்கிறீர்கள்? (தேநீர் நன்றாக இருந்திருக்கலாம்.)

‘பீட்டில்ஸ் மாதிரி’ என்றவர் சரியாகத்தானே சொன்னார்! பவர் பாப் என்ற பெயரை 1967இல் ‘த ஹூ’ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பீட் டவுன்சென்ட் தங்கள் பாட்டுக்குச் சொன்னார். எழுபதுகளில் அந்தப் பெயருக்குள் வந்து சேர்ந்த பையன்கள் பீட்டில்ஸைக் கேட்டு வளர்ந்தவர்கள். கித்தார் கணீரென்று ஒலிக்கும், இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்து பாடும், பல்லவி வாயில் ஒட்டிக்கொள்ளும், மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும். நீங்கள் பத்து நிமிடத்தில் சொன்னதை அவர் இரண்டு சொல்லில் முடித்துவிட்டார். கோபம் அதற்குத்தானோ?

‘ஏன் ஓடவில்லை’ என்று கேட்டவருக்கு நீங்கள் பதில் சொல்லியிருக்க வேண்டும். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் ‘பிக் ஸ்டார்’ என்று ஒரு குழு. 1972இல் முதல் இசைத்தட்டு வந்தது. விமர்சகர்கள் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஆனால் விநியோகம் சொதப்பியதால் கடைகளில் தட்டு கிடைக்கவில்லை. சுங்கை சிப்புட்காரருக்கு இதை விளக்க வேண்டுமா என்ன? எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலையை வெட்டி ரோட்டோரம் அடுக்கிய பிறகு லோரி வராவிட்டால், யாராவது மரத்தைத் திட்டுவார்களா? அந்தத் தட்டில் இருந்த ஒரு பாட்டு, 26 வருடம் கழித்து, வேறொருவர் குரலில், ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முகப்புப் பாட்டானது. யாருடையது என்று தெரியாமலே கோடிப் பேர் கேட்டார்கள்.

அதற்காக, ஓடாத பாட்டெல்லாம் லோரி வராத குலை என்று நினைத்துவிடாதீர்கள். சிலது வெறும் காய். காய்க் குலையை எண்ணெய் மில்லில் திருப்பி அனுப்புவார்கள். உங்கள் பன்னிரண்டில் எத்தனை காய் என்று கேட்க உங்கள் நண்பருக்கு உரிமை உண்டு. ‘யாருக்கும் தெரியாது’ என்பதே ஒரு பாட்டுக்குத் தகுதி ஆகிவிடாது. அது உங்களுக்கு வேண்டுமானால் பெருமையாக இருக்கலாம்.

அப்புறம் அந்த டெலிபோன் பாட்டு. நீங்கள் போட்டது ‘நெர்வ்ஸ்’ குழுவின் ‘ஹேங்கிங் ஆன் த டெலிபோன்’ என்று நினைக்கிறேன். இரண்டு நிமிடத்தை ஒட்டிய பாட்டு. 1976இல் மூன்று பேர் சேர்ந்து, நான்கே பாட்டுள்ள சின்னத் தட்டாக வெளியிட்டார்கள். சத்தமில்லாமல் போய்விட்டது. குழுவும் கலைந்தது. பாட்டு மட்டும் ஒலிநாடாவில் ‘பிளாண்டி’ குழுவிடம் போய்ச் சேர்ந்தது. டோக்கியோவில் டாக்சியில் போகும்போது அதைப் போட்டார்களாம். ஓட்டுநர் ஸ்டியரிங்கில் கையால் தாளம் தட்ட ஆரம்பித்துவிட்டார் என்று பாடகி டெபி ஹாரி சொல்லியிருக்கிறார். அவர்கள் பாடி 1978இல் வெளியிட்டது, பிரிட்டனில் ஐந்தாம் இடம் வரை போனது.

அந்த டாக்சிக்காரருக்கு யாரும் முன்னுரை சொல்லவில்லை. உங்கள் லோரித் தம்பி, இரண்டு மணி நேர முன்னுரையையும் தாண்டி, அதே பாட்டைப் பிடித்திருக்கிறார். அவர் கேட்டபடி இன்னொரு தடவை போட்டீர்களா? கடிதத்தில் அதைக் காணோமே.