இடம் கிடைக்கும் முன்பே நகை அடகுக்குப் போகலாமா?

கேள்வி: வணக்கம் சார். மண்டபம் பக்கத்தில் இருக்கிறோம். கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார், நான் கடல்பாசி வளர்க்கிறேன். நல்ல மாதத்தில் இருவருக்கும் சேர்த்து 22,000 ரூபாய் வரும். காற்றுக் காலத்திலும் மீன்பிடித் தடைக்காலத்திலும் அதில் பாதிகூடத் தேறாது. மகள் அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்து 461 மார்க் வாங்கியிருக்கிறாள். டாக்டராக வேண்டும் என்கிறாள். வெளி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றிலிருந்து வீட்டுக்கே ஆள் வந்தார்கள். விடுதி, நீட் பயிற்சி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 1,75,000 ரூபாய், திங்கட்கிழமைக்குள் 10,000 முன்பணம் கட்டினால் இடம் உறுதி என்கிறார்கள். என்னிடம் 12 பவுன் இருக்கிறது. தெரிந்த அடகுக்கடையில் ரெண்டு வட்டிக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். "கலாம் ஐயாவுக்கே அவர் அக்கா வளையலை அடகு வைத்துத்தானே படிக்க வைத்தார்" என்கிறார் கணவர். மகள்தான் இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, ராத்திரி அழுகிறாள். கேட்டால் "உங்களுக்காகப் போறேன்" என்கிறாள். மகன் இந்த ஆண்டு எட்டாவது. என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, திங்கட்கிழமை அந்தப் பத்தாயிரத்தைக் கட்டாதீர்கள். காரணம் கொஞ்சம் நீளமானது, பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் கணவர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். ராமேஸ்வரத்தில் அந்தக் கதையைச் சொல்லாத வீடு கிடையாது. கலாமின் அக்கா ஜோஹரா அம்மா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தது உண்மைதான். ஆனால் எப்போது வைத்தார்? தம்பிக்குச் சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்த பிறகு, சேர்க்கைக்குத் தேவைப்பட்ட ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்க்காக வைத்தார். அதற்கு முன் கலாம் படித்ததெல்லாம் ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியிலும் திருச்சிக் கல்லூரியிலும்தான். கையில் வந்துவிட்ட இடத்துக்காக அந்த நகை போனது. நீங்கள் வைக்கப் போவதோ இரண்டு வருடம் கழித்து வந்தாலும் வரலாம் என்கிற இடத்துக்காக. ரெண்டும் ஒன்றில்லை.

இப்போது வட்டிக் கணக்கு. ரெண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம். 1,75,000-க்கு மாதம் 3,500. பிளஸ் டூவுக்கு இன்னொரு 1,75,000 வாங்கும்போது அது 7,000 ஆகிவிடும். இரண்டு வருடத்தில் வட்டி மட்டும் 1,26,000. கட்டணத்தோடு சேர்த்தால் 4,76,000. அப்போதும் அசல் அப்படியே நிற்கும், நகை கடைக்காரரின் பெட்டியில் இருக்கும். வாரத்தில் மூன்று நாள் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகிற வீட்டில், மீன்பாடு இல்லாத மாதத்தில் 7,000 வட்டிக்கு எங்கே போவீர்கள்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கும்போதும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய், ஒரு மாத வட்டிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

வட்டியைக்கூட விடுங்கள். அந்தப் பள்ளியின் ஆள் உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. இந்தப் பதிலில் முக்கியமானது அதுதான்.

தமிழ்நாட்டில் 2020 முதல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. உங்கள் மகளைப் போன்றவர்களுக்கு அதன் நிபந்தனை, 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. ஐந்து வருடத்தை முடித்துவிட்டாள், இன்னும் இரண்டு வருடம்தான் பாக்கி. இப்போது தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த ஐந்து வருடமும் கணக்கில் சேராது. நீட் எழுதித் தகுதி பெறத்தான் வேண்டும், அதில் சலுகை இல்லை. ஆனால் பொதுப் பட்டியலில் எட்டாத மதிப்பெண்ணுக்கு இந்தப் பட்டியலில் இடம் கிடைக்கும். இப்படி வரும் பிள்ளைகளுக்குத் தனியார் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. அதாவது மூன்றரை லட்சம் கொடுத்து, இதைவிடப் பல மடங்கு பெறுமானம் உள்ள ஒன்றை நீங்களே கைகழுவப் பார்க்கிறீர்கள். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் இதோடு போகும். மூன்று வருடப் பட்டப்படிப்பு என்றாலே அது 36,000.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் கரையோர ஊர்களில் 'அரசு உதவி பெறும்' பள்ளிகள் நிறைய. அவற்றையும் அரசுப் பள்ளி என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். புதுமைப் பெண் திட்டத்தை உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரித்துவிட்டார்கள். 7.5 சதவீதம் அப்படி இல்லை. ஊர் மாறினாலும் பள்ளி மாறினாலும் பெயர்ப்பலகையை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள்.

நீங்கள் அனுப்பிய கட்டணத் தாளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே வெள்ளைக் கோட்டுப் போட்ட நாலு பிள்ளைகள். கீழே, சீருடை தனி, புத்தகம் தனி, துணி வெளுக்கத் தனி. கடைசி வரியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், "செலுத்திய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று இருக்கிறது. இந்த வரியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். சில வருடத்துக்கு முன் தொண்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் என்னிடம் வந்தார். அவர் பையன் இப்படி ஒரு விடுதியில் நாலு மாதம் தாக்குப்பிடித்துவிட்டு, ஒரு நாள் பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டான். கட்டிய பணத்தில் ஒரு ரூபாய் திரும்பவில்லை, டிசி வாங்கவே ஒரு மாதம் அலைந்தார்கள். பையன் இப்போது நன்றாக இருக்கிறான். அப்பாதான் இன்னும் நகையை மீட்கவில்லை, வருடா வருடம் வட்டி கட்டித் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் மகள் அழுவதை நான் அதனால்தான் பணக் கணக்கிலேயே சேர்க்கிறேன். மனதில்லாமல் போகிற பிள்ளை பாதியில் திரும்பி வந்தால் முழுப் பணமும் நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டமும் இருக்கிறது, அது உங்களுக்கே தெரியும். "ஏன்டி அழுற" என்று கேட்காதீர்கள். "நகையை வைக்கப் போறதில்லை, நீ இங்கேயே படி" என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு பேச விடுங்கள். பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிடும் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகும் சாப்பாடும் தூக்கமும் சரியாகவில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் இயங்கும், இலவசம், தமிழில் பேசுவார்கள். அவளே பேசலாம், நீங்களும் பேசலாம். படிப்பு சம்பந்தமான சந்தேகத்துக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது. ரெண்டு எண்ணும் ஒன்றுபோல இருக்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சரி, அப்படியானால் நீட் பயிற்சிக்கு என்ன வழி? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே இலவசப் பயிற்சி நடத்துகிறது. உங்கள் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் எங்கே, எப்போது என்று கேளுங்கள். அது போதுமா என்று கேட்டால், எல்லாருக்கும் போதாது என்றுதான் சொல்வேன். ஆனால் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பிளஸ் டூவை அரசுப் பள்ளியில் முடித்துவிட்டு, மறு வருடம் திரும்ப நீட் எழுதினாலும் 7.5 சதவீத உரிமை போகாது. ஆக, பயிற்சிக்குக் காசு செலவழித்தே ஆகவேண்டும் என்றால் அதற்கான நேரம் இப்போது இல்லை, இரண்டு வருடம் கழித்து. முதல் முறை எவ்வளவு வாங்குகிறாள் என்று பாருங்கள். கிட்டத்தில் வந்திருந்தால், அவளுக்கும் விருப்பம் இருந்தால், ஒரே ஒரு வருடம் பயிற்சிக்கு அனுப்புங்கள். அப்போது செலவும் ஒரு வருடத்துக்குத்தான், உரிமையும் கையில் இருக்கும். பயிற்சி மையக் கட்டணத்தில் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. ஒரு லட்சம் என்று வாயால் சொன்னால் 1,18,000 என்று நீங்கள் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நடுவில் அவள் விசாரித்து எழுத வேண்டிய தேர்வுகள் இரண்டு. ஒன்று, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான தமிழ்நாடு முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு. இந்த வருடம் எந்த வகுப்புக்கு நடக்கிறது என்று பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். தேர்வாகும் 1,000 பேருக்குப் பட்டப்படிப்பு முடியும்வரை வருடம் 10,000 ரூபாய். கேள்விகள் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பாடத்திலிருந்து வரும், அதனால் பழைய புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இன்னொன்று தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு வருடம். அதில் பாதி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. மகன் எட்டாவது என்றீர்களே, அவனுக்குத் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு இந்த வருடம்தான், விட்டால் போயிற்று. தேறினால் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை வருடம் 12,000, மொத்தம் 48,000. குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும், உங்களுக்கு அது பிரச்சினையே இல்லை. தபால்காரர் கொண்டுவந்து தரமாட்டார், பள்ளியில் நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும். மீனவர் நல வாரியத்தில் கணவர் பதிந்திருக்கிறாரா என்றும் பாருங்கள். உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு.

சேமிப்புக்கு வருகிறேன். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் உங்கள் கணக்கில் வருகிறது என்றால் அதைத் தொடாமல் வங்கியில் 24 மாத ஆர்டியில் போடுங்கள். 6 சதவீத வட்டி என்று வைத்தாலும் பிளஸ் டூ முடியும்போது 25,500 பக்கம் இருக்கும். தபால் ஆபீஸ் ஆர்டியில் வட்டி கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அது ஐந்து வருடத் திட்டம், மூன்று வருடத்துக்கு முன் மூட முடியாது. உங்களுக்கு இரண்டு வருடத்தில் பணம் வேண்டும், அதனால் வங்கிதான் சரி. பாசி அறுவடைக் காசு 45 நாளுக்கு ஒருமுறை மொத்தமாக வருமே, அதிலிருந்து ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள், தடைக்காலத்துக்கு ஆகும். அவளுடைய வழிகாட்டிப் புத்தகம், மாதிரித் தேர்வு, ராமநாதபுரம் போய்வரச் செலவு எல்லாம் சேர்த்து இரண்டு வருடத்துக்கு 15,000-க்கு மேல் ஆக வாய்ப்பில்லை.

12 பவுன் பீரோவில் இருக்கட்டும். இடம் கிடைத்த அன்று விடுதிக்குச் சாமான், துணிமணி, புத்தகம் என்று உடனே பணம் தேவைப்படும், அப்போது அதில் இரண்டு பவுனை எடுக்கலாம். அப்போதும் அடகுக்கடைக்குப் போகாதீர்கள். கூட்டுறவு வங்கியிலோ மற்ற வங்கியிலோ நகைக்கடன் வாங்கினால் வட்டி பாதிக்கும் கீழே. கல்லூரிக் கட்டணத்துக்கு நகையே வேண்டாம். சேர்க்கை ஆணை கையில் இருந்தால் 4 லட்சம் வரை கல்விக் கடனுக்கு அடமானம் கேட்கமாட்டார்கள்.

மருத்துவம் கிடைக்காமல் போனால்? இதை வீட்டில் யாராவது இப்போதே பேசியாக வேண்டும். கால்நடை மருத்துவம், மீன்வளம், வேளாண்மை எல்லாவற்றுக்கும் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்தான், நீட் கிடையாது. 2021 முதல் அவற்றிலும் 7.5 சதவீதம் உண்டு. கடல்பாசிக் கயிறு கட்டுகிற அம்மாவின் மகள் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தால் எனக்கு அதுவும் ஒரு மாற்றுக் குறைவாகத் தோன்றவில்லை. ஆனால் முடிவு அவளுடையது.

அதனால் திங்கட்கிழமை காலை நீங்கள் போகவேண்டிய இடம் அவளுடைய பழைய பள்ளிதான். டிசி வாங்கிவிட்டீர்கள் என்றால் அதை அந்தத் தனியார் பள்ளி ஆளிடம் கொடுக்காதீர்கள், அசல் மதிப்பெண் பட்டியலையும் கொடுக்காதீர்கள். பிளஸ் ஒன்னில் கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப்பைக் கேளுங்கள். கணிதம் இல்லாத தனி அறிவியல் குரூப் எடுத்தால் பொறியியல் வாசல் அடைபட்டுவிடும், இதில் இரண்டும் திறந்திருக்கும். அந்தக் குரூப் சீக்கிரம் நிறையும், பத்து மணிக்கு முன்பே போய்விடுங்கள், அவளையும் கூட்டிக்கொண்டு.