பச்சை உடம்புக்காரிக்குத் துணையாள்

கேள்வி: பிரசவமாகி 6 நாள். துணைக்கு வைத்திருக்கும் அக்கா, "ராத்திரி பால் பவுடர் கொடுத்துடறேன், நீ தூங்கு" என்கிறார். கேட்கலாமா?

பதில்: வேண்டாம். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் அதிகம். ராத்திரி குடிக்காவிட்டால் பால் கட்டிக்கொள்ளும், சுரப்பும் குறையும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிக்கட்டும். அக்கா குழந்தையைக் கொண்டுவந்து தந்து, குடித்ததும் வாங்கி, ஏப்பம் விடவைத்து, துணி மாற்றித் தூங்கவைக்கட்டும். உங்கள் தூக்கம் அங்கேதான் மிச்சமாகும்.

குழந்தை ஒன்றுக்குப் போய் நனைக்கும் ஈரத்துணிக் கணக்கையும் அவரையே எழுதச் சொல்லுங்கள். நாளுக்கு 6-க்குக் குறைந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட மட்டும் விடாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். உங்களுக்கு ரத்தப்போக்கில் ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தால், பத்தியம் பேசிக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.