சூளையில் சுடாமல் காற்றிலேயே காய்ந்து இறுகும் ஏர் டிரை களிமண்ணில் செய்த அலங்காரப் பொருட்கள் காயும்போது ஏன் விரிசல் விடுகின்றன?

காரணம் மண்ணில் இருக்கும் தண்ணீர்தான். அது ஆவியாகும்போது களிமண் சுருங்கும். மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்து இறுகி, உள்ளே இன்னும் ஈரமாகவே இருந்தால் அந்த இழுப்பில் மேற்பரப்பு பிளந்துவிடும். அதனால் வெயிலிலோ ஃபேனுக்கு நேராகவோ வைக்காதீர்கள், முதல் நாள் ஒரு பிளாஸ்டிக் கவரால் தளர்வாக மூடி வைத்து, அப்புறம் சில மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுங்கள். தடிமன் 5 அல்லது 6 மில்லிமீட்டர், எல்லா இடத்திலும் ஒரே அளவாக. இலையை அழுத்தி நரம்பு நரம்பாகப் பதியவைத்து எடுக்கும் சின்னத் தட்டு எவ்வளவு அழகு! அதில் ஓரம்தான் முதலில் கீறல் விடும், வெட்டியதுமே ஈர விரலால் தடவி மழமழப்பாக்கிவிடுங்கள். விரிசல் விழுந்துவிட்டதா? சரி, அதே மண்ணைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேயுங்கள். வார்னிஷ் அடித்தாலும் தண்ணீர் ஊற்றும் பூச்சாடியாக மட்டும் வைக்காதீர்கள், சூளையில் சுடாத மண் ஊறி இளகிவிடும்.