நேர சர்வரில் நேரம் சரி, மற்ற கருவிகளுக்கு ஏன் போகவில்லை?

கேள்வி: மன்னார்குடி பக்கம் அரிசி ஆலை நடத்துகிறோம். நெல் லாரி உள்ளே வந்த நேரம் கேமராவில் ஒன்று, எடைச் சீட்டில் இன்னொன்று. சம்பா வரத்து நாட்களில் இதனாலேயே தகராறு. உபுண்டு (லினக்ஸ்) கம்ப்யூட்டரில், நேரத்தைச் சரிசெய்யும் குரோனி என்ற மென்பொருளைப் போட்டு நேர சர்வராக வைத்தோம். அதில் நேரம் துல்லியம். எடைமேடை கம்ப்யூட்டருக்கும் கேமரா ரெக்கார்டருக்கும் மட்டும் போகவில்லை. ஏன்?

பதில்: இணையத்திலிருந்து நேரம் வாங்குவது வேறு, அதை மற்றவர்களுக்குக் கொடுப்பது வேறு. குரோனி முதலாவதைத் தானாகச் செய்யும். இரண்டாவதற்கு நீங்கள் அனுமதி எழுத வேண்டும். அதுவரை யார் கேட்டாலும் பதில் வராது.

குரோனியின் கான்ஃபிக் ஃபைலில் 'அலவ்' என்று ஆங்கிலத்தில் தட்டி, பக்கத்திலேயே உங்கள் ஆலை நெட்வொர்க்கின் முகவரியை எழுதுங்கள். கருவிகள் 192.168.1 என்று தொடங்கினால் 192.168.1.0/24 போதும்; 192.168.1 என்று தொடங்கும் எல்லா முகவரிகளையும் அது குறிக்கும். ரெக்கார்டர் வேறு வரிசையில், உதாரணமாக 192.168.20-இல் இருந்தால் அதற்கும் தனி வரி வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். பிறகு குரோனியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

முகவரி எழுதாமல் வெறும் 'அலவ்' மட்டும் போட்டுவிடாதீர்கள். யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று அதற்கு அர்த்தம். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கும், அதாவது வெளி இணையத்திலிருந்து சர்வருக்கு வழி திறப்பதும், வேண்டவே வேண்டாம். 2014 வாக்கில், திறந்து கிடந்த நேர சர்வர்களுக்குப் போலி முகவரியில் சின்னக் கேள்வி அனுப்பி, பெரிய பதில்களை அப்பாவிகள் மேல் கொட்டவைத்த தாக்குதல்கள் உலகெங்கும் நடந்தன. ஆலைக்குள் இருக்கும் கருவிகளுக்காக வெளிக்கதவைத் திறக்க அவசியமே இல்லை.

அடுத்தது, சர்வருக்கு வரும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வால். அது இயங்கினால், உள் நெட்வொர்க்கிலிருந்து யுடிபி 123 போர்ட்டுக்கு வழி விடுங்கள். யுடிபி, டிசிபி இரண்டும் தகவல் அனுப்பும் வெவ்வேறு முறைகள். டிசிபி 123-ஐத் திறந்துவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை; நேரம் யுடிபியில்தான் போகும்.

உங்கள் பகுதிக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி இணையம் இல்லாத நேரத்தில் சர்வரை மறுபடி போட்டால், 'எனக்கே நேரம் உறுதியில்லை' என்று அது சொல்லும், மற்ற கருவிகள் அதை ஏற்காது. கான்ஃபிக் ஃபைலில் 'லோக்கல் ஸ்ட்ராட்டம் 10' (local stratum 10) என்ற வரி இருந்தால் கையில் இருக்கும் நேரத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும். உங்களுக்கு எல்லாக் கடிகாரமும் ஒன்றாக ஓடுவதே முக்கியம் என்பதால், இதைப் போடச் சொல்வேன். கூடவே, மின்சாரம் இல்லாதபோது சர்வரின் கடிகாரத்தை ஓட்டும் மதர்போர்டு பேட்டரி நன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சர்வருக்கு நிலையான ஐபி கொடுத்து, எடைமேடை கம்ப்யூட்டரிலும் ரெக்கார்டரிலும் அந்த எண்ணைப் பதியுங்கள். அப்புறம் சர்வரில் 'குரோனிக் கிளையன்ட்ஸ்' (chronyc clients) கட்டளையை ரூட் (நிர்வாகி) அனுமதியோடு ஓட்டினால், நேரம் கேட்டவர்களின் பட்டியல் வரும். ரெக்கார்டர் பட்டியலில் இருந்தும் நேரம் சரியாக ஐந்தரை மணி தள்ளி நின்றால், கோளாறு நெட்வொர்க்கில் இல்லை. ரெக்கார்டரின் டைம் ஸோனை +5:30 ஆக மாற்றுங்கள்.