தேதி போட்டு எழுதுங்கள்

கேள்வி: ஒவ்வொரு வருடமும் முதல் நாளில், எந்த அணி கோப்பையைத் தூக்கும், தேர்தலில் யார் ஜெயிப்பார்கள், பங்குச் சந்தை ஏறுமா, குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் கூடி வரும் என்று டைரியில் எழுதி வைக்கிறேன். “உனக்கு என்ன ஜோசியமா தெரியும்?” என்கிறார்கள். விட்டுவிடட்டுமா?

பதில்: விடாதீர்கள். எழுதி வைக்காவிட்டால் மனசு நம்மை ஏமாற்றிவிடும். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் போவதற்கு முன்னால், இது நடக்க எவ்வளவு வாய்ப்பு, அது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று சிலரிடம் கேட்டுக் குறித்து வைத்தார்கள். பயணம் முடிந்த பிறகு, அன்று என்ன எண் சொன்னீர்கள் என்று கேட்டால், நடந்து முடிந்த விஷயங்களுக்குத் தாங்கள் உண்மையில் சொன்னதைவிடக் கூடுதலாகச் சொன்னதாகவே பலருக்கும் நினைவு இருந்தது. பாருக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் 1975இல் வெளியிட்ட ஆய்வு இது. “எனக்கு அப்பவே தெரியும்” என்று நாம் சொல்வதெல்லாம் இந்த ரகம்தான்.

எனக்கும் நடந்தது. 2014 உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசில் ஜெயிக்க 70 சதவீதம் என்று பென்சிலால் எழுதியிருந்தேன். ஜெர்மனி 7-1 என்று அடித்து முடித்த மறுநாள் நோட்டைத் திறந்தால், ரப்பரை எடுத்து 70ஐ 55 ஆக்கிவிடலாமே என்று கை போகிறது. அன்றிலிருந்து பேனாதான்.

கேள்வி: வருடக் கடைசியில் மார்க் போடுவது எப்படி?

பதில்: வெறுமனே ‘நடக்கும்’, ‘நடக்காது’ என்று எழுதினால் மார்க் போட வழியில்லை. சதவீதம் போடுங்கள், எந்தத் தேதிக்குள் என்பதையும் சேருங்கள். வானிலைக் கணிப்புகளைச் சோதிக்க கிளென் பிரையர் 1950இல் சொன்ன கணக்கு சுலபமானது. 80 சதவீதம் என்று சொன்னது நடந்தால், ஒன்றிலிருந்து 0.8ஐக் கழித்து வர்க்கம் எடுத்தால் 0.04. நடக்காமல் போனால் 0.8இன் வர்க்கம், அதாவது 0.64. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி பாருங்கள், குறைவாக வந்தால் நல்லது. எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 50 என்று போட்டாலே 0.25 வந்துவிடும், அதற்கு மேல் போனால் நிச்சயம் என்று நினைத்த இடங்களில்தான் கோளாறு.

கேள்வி: அரசியல் கணிப்பு மட்டும் எனக்கு எப்போதும் தப்பாகிறது.

பதில்: யார் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையை முதல் வரியில் எழுதிவிடுங்கள், கணிப்பு அடுத்த வரியில். இரண்டும் எப்போதும் ஒன்றாகவே இருந்தால் காரணம் உங்களுக்கே தெரியும்.

கேள்வி: சந்தைக் கணிப்புகள் நாலைந்து பலித்துவிட்டன. பணம் போடலாமா?

பதில்: அதை நம்பிப் போடாதீர்கள். பொதுவாக ஏறுமுகமாக இருக்கும் காலத்தில் ‘ஏறும்’ என்று சொன்ன எல்லோருக்குமே பலிக்கும். யேல் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் இர்விங் ஃபிஷர், பங்கு விலைகள் நிரந்தரமான ஓர் உயரத்துக்கு வந்துவிட்டதாக 1929 அக்டோபரில் சொன்னார், அதே மாதக் கடைசியில் சந்தை சரிந்தது. அவர் தன் சொந்தப் பணத்தையும் இழந்தார். நோட்டு வேறு, சேமிப்பு வேறு என்று பிரித்தே வையுங்கள்.

கேள்வி: மகளுக்கு முதல் பிரசவம். டாக்டர் சொன்ன தேதியிலேயே குழந்தை பிறக்கும் என்று எழுதலாமா?

பதில்: கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணிச் சொல்கிற தேதி அது, சரியாக அன்றைக்கே பிறப்பது நூற்றுக்கு ஐந்து குழந்தைகள் அளவில்தான். அதனால் முன்னே பின்னே இரண்டு வாரம் என்று எழுதினால் பலிக்க நல்ல வாய்ப்பு. ஆனால் அம்மா, இந்தப் பக்கத்தை மட்டும் மகளிடம் காட்ட வேண்டாம். தேதி தாண்டிய ஒவ்வொரு நாளும் “இன்னும் இல்லையா?” என்று போனில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே அவள் களைத்திருப்பாள்.