மேலேயா, கீழேயா?

கேள்வி: என் மகன் பொலிவியா நாட்டில் லா பாஸ் நகரத்தில் வேலை பார்க்கிறான். வரும் ஜூலையில் நானும் கணவரும் மூன்று வாரம் அங்கே தங்கப் போகிறோம். எனக்கு 63, அவருக்கு 68. ஊர் முழுக்க ஏற்றம்தான் என்கிறான். அவன் அலுவலகம் போன பிறகு நாங்கள் இருவரும் தனியாக ஊர் சுற்ற முடியுமா? நீங்கள் அங்கே இருந்ததாக முன்பு எழுதியிருந்தீர்களே, அதனால் கேட்கிறேன்.
- வாசகி, மதுரை

பதில்: இருந்தேன் அம்மா, கணவரின் வேலை காரணமாகப் பதினோரு மாதம். முதல் நாள் பட்ட பாட்டைச் சொன்னாலே உங்களுக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

டாக்சி எங்களை இறக்கிவிட்ட இடத்திலிருந்து விடுதி 400 மீட்டர் என்று போனில் வரைபடம் காட்டியது. பால் வாங்கப் போகும் தூரம்தானே என்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு கிளம்பினோம். முதல் திருப்பத்திலேயே தெரு முடிந்து படிக்கட்டு ஆரம்பித்தது. அறுபது படி வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ண மூச்சு இல்லை. விடுதி வாசலைத் தொட நாற்பது நிமிடம் ஆனது. நாங்கள் சுவரைப் பிடித்து நின்றிருந்தபோது, முதுகில் பெரிய மூட்டை கட்டிய ஒரு பாட்டி பக்கத்து ஆளிடம் ஏதோ கதை பேசியபடியே எங்களைக் கடந்து ஏறிப் போனார். என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், இன்னும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கே போவதானாலும் எவ்வளவு தூரம் என்று கேட்பதை விட்டுவிட்டேன். மேலேயா, கீழேயா, அதுதான் கேள்வி. உள்ளூர்க்காரர்கள் வழி சொல்வதும் அப்படித்தான். 'அரீபா' என்றால் மேலே, 'அபாஹோ' என்றால் கீழே. ஸ்பானிஷில் வேறு எதுவும் தெரியாவிட்டாலும் இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஊரை ஒரு பெரிய வாணலியாக நினைத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் இருப்பது எல் ஆல்டோ. சமதளமான தனி நகரம், 4,000 மீட்டருக்கும் மேலே. விமான நிலையம் அங்கேதான், 4,061 மீட்டரில். காற்று மெலிந்திருப்பதால் விமானம் எழும்ப அதிக ஓட்டம் வேண்டும். அதனால் ஓடுபாதையின் நீளமே 4 கிலோமீட்டர். வாணலியின் உட்சரிவு முழுக்கச் செங்கல் வீடுகள். நடுவில், சுமார் 3,600 மீட்டரில், எல் பிராடோ என்ற முக்கியச் சாலை. அதற்கு அடியில் சோக்கேயாபு ஆறு மூடி போட்டு ஓடுகிறது. இன்னும் தெற்கே இறங்கினால் சோனா சூர், ஏறக்குறைய 3,300 மீட்டர். பணக்காரர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். கீழே போகப் போகக் குளிர் குறையும், மூச்சு எளிதாகும், வாடகை ஏறும். வழி தப்பினால் பதற வேண்டாம். சரிவு எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கம் நடந்தால் பெரும்பாலும் பிராடோவில் போய் நிற்பீர்கள். நான் நாலு முறை அப்படித்தான் தப்பித்தேன்.

முதல் மூன்று நாள் எங்கும் போகாதீர்கள். நடுநகரத்தில் நம் நுரையீரலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். அதை அங்கே 'சொரோச்சே' என்பார்கள். மெதுவாக நடப்பது, நிறையத் தண்ணீர் குடிப்பது, ராத்திரி அரை வயிறு சாப்பிடுவது, இவைதான் எனக்கு உதவின. புறப்படும் முன் இருவரும் டாக்டரைப் பாருங்கள். இதயம், ரத்த அழுத்தம், மூச்சு சம்பந்தமாக ஏதாவது இருந்தால் கட்டாயம். ஓய்வில் இருக்கும்போதே மூச்சு திணறினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ "பழகிவிடும்" என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனை, முடிந்தால் உயரம் குறைந்த ஊர். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால், நேராக லா பாஸில் இறங்காமல் சுமார் 2,560 மீட்டரில் உள்ள கொச்சபம்பாவில் இரண்டு நாள் தங்கிப் போக வழி இருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, நாலாம் நாள். இனி உங்கள் கால்களை ரோப்கார் பார்த்துக்கொள்ளும். அதன் பெயர் 'மி தெலெஃபெரிகோ', அதாவது என் ரோப்கார். பழனியில் ஏறியிருப்பீர்கள். ஆனால் அது கோயிலுக்குப் போக. இங்கே ஆபீஸுக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் மக்கள் தினமும் இதில்தான் போகிறார்கள். 2014 மே மாதம் சிவப்புத் தடம் முதலில் திறந்தது. 2019-க்குள் பத்துத் தடங்கள், மொத்தம் 30 கிலோமீட்டர் அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நிறம் என்பதால் எழுத்துப் படிக்கத் தெரியாமலே சமாளிக்கலாம். ஒரு பெட்டியில் பத்துப் பேர். சில விநாடிக்கு ஒரு பெட்டி வந்துகொண்டே இருக்கும், ஓடிப் பிடிக்க வேண்டியதில்லை. பெட்டி முழுதாக நிற்காது, ஊர்ந்துகொண்டே இருக்கும். உங்கள் கணவருக்கு முட்டிவலி இருந்தால் அங்கே நிற்கும் ஊழியரிடம் கை காட்டுங்கள், உதவுவார்கள். என் மாமியார் வந்திருந்தபோது அப்படித்தான் ஏற்றிவிட்டோம். நான் இருந்தபோது ஒரு தடத்துக்கு 3 பொலிவியானோ, அங்கிருந்து அடுத்த தடத்துக்கு மாறினால் இன்னும் 2.

நான் சொல்லும் வழி இது: ஏறுவது ரோப்காரில், இறங்குவது நடந்து. பழைய ரயில் நிலையத்தில் சிவப்புத் தடத்தில் ஏறினால் பத்தே நிமிடத்தில் கல்லறைத் தோட்டத்தின் மேலாகப் போய் எல் ஆல்டோவின் விளிம்பில் இறக்கிவிடும். அந்த மேல் நிலையத்துக்கு அய்மாரா மொழியில் 'ஹாச்சா கத்து' என்று பெயர். பெரிய சந்தை என்று பொருள். வியாழனும் ஞாயிறும் பக்கத்துத் தெருக்களில் கூடும் சந்தையைப் பார்த்தால் பெயர் குறைவாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். பழைய துணியில் ஆரம்பித்து கார் என்ஜின் வரை விற்கும். பர்ஸை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வெள்ளி நிறத் தடம் விளிம்போடு போய் மஞ்சள் தடத்தில் சேர்க்கும். மஞ்சளில் கீழே இறங்கி, பச்சைக்கு மாறினால் சோனா சூர். வானம் தெளிவாக இருந்தால் 6,438 மீட்டர் உயர இயிமானி பனிமலை எதிரே நிற்கும். முதல் முறை பார்த்தபோது கேமராவை எடுக்கவே மறந்துவிட்டேன். இந்தச் சுற்று முழுக்க ஒரு காலைப் பொழுதுதான் ஆகும், ஒரு படிகூட ஏற வேண்டாம். எல் ஆல்டோவிலிருந்து மட்டும் நடந்து இறங்க வேண்டாம், அந்தச் செங்குத்துப் படிகள் முட்டியைப் பதம் பார்க்கும்.

ரோப்கார் போகாத இடங்களுக்கு மினிபஸ். முன்கண்ணாடியில் ஊர்ப் பெயர் அட்டைகள் வரிசையாக இருக்கும். பல வண்டிகளில் ஜன்னல் வழியே ஒருவர் "சேஹா, சேஹா, சேஹா" என்று ஒரே மூச்சில் கத்துவார். சேஹா என்றால் புருவம். மேட்டின் விளிம்பில் இருக்கும் பகுதிக்கு அந்தப் பெயர். எத்தனை பொருத்தம்! இறங்க வேண்டிய இடம் வந்ததும் "எஸ்கீனா பாஹோ" என்று சத்தமாகச் சொல்லுங்கள், முனையில் நிறுத்துவார். வாய்க்குள் முனகினால் அடுத்த சரிவுக்குப் போய்விடுவீர்கள், அனுபவம். சில்லறை வைத்திருங்கள். டாக்சியில் மீட்டர் கிடையாது, ஏறும் முன்பே கட்டணம் பேசிக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு போன் செய்து டாக்சி வரவழைக்க மகனிடம் சொல்லுங்கள், தெருவில் கை காட்டி ஏற வேண்டாம்.

நடுநகரச் சந்திப்புகளில் வரிக்குதிரை வேடம் போட்டவர்கள் கையைப் பிடித்துச் சாலை கடக்க வைப்பார்கள். பயப்படாதீர்கள், போக்குவரத்து ஒழுங்குக்காக 2001 முதல் மாநகராட்சி நடத்தும் ஏற்பாடு அது. இன்னொன்று, திடீரென்று ஒரு நாள் ஊர்வலம், சாலை மறியல் என்று பிராடோ அடைபட்டுக் கிடக்கும். அன்றைக்கு மறியலுக்கு மேலே ரோப்காரில் போய்க்கொண்டிருக்கலாம்.

ஜூலை அங்கே குளிர்காலம். மழை இராது, அது உங்கள் அதிர்ஷ்டம். மழை மாதங்களில் கல் பாவிய தெருக்கள் வழுக்கும். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், நிழலுக்குள் போனால் ஸ்வெட்டர் தேடுவீர்கள். தொப்பி, சன்ஸ்க்ரீன், அடியில் பிடிப்பு உள்ள ஷூ. செருப்பு பெட்டியிலேயே இருக்கட்டும்.

கடைசியாக, மகனிடம் இன்றே கேளுங்கள்: அவன் வீடு பக்கத்து ரோப்கார் நிலையத்துக்கு மேலேயா, கீழேயா? மேலே என்றால் திரும்பி வர ஒரு டாக்சிக் காசைத் தினமும் தனியாக எடுத்து வையுங்கள்.

கேள்வி: அங்கே கோக்கா இலை டீ கொடுப்பார்களாமே, குடிக்கலாமா? வரும்போது கொஞ்சம் வாங்கி வரலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: அங்கே அது சட்டப்படி விற்கும் பொருள், விடுதி வரவேற்பறையிலேயே வைத்திருப்பார்கள். நானும் குடித்தேன். வெந்நீரில் புல் போட்டது போல இருக்கும், வயிறு இதமானது. தலைவலி போனது இலையாலா தூக்கத்தாலா என்று சொல்ல மாட்டேன். வாங்கி வருவது மட்டும் கூடவே கூடாது. நம் நாட்டில் கோக்கா இலை போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. டீ பாக்கெட்தானே என்று சொன்னாலும் சுங்கத்தில் எடுபடாது.

கேள்வி: நான் தினமும் 20 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுபவன். லா பாஸில் சைக்கிளிலேயே சுற்றலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: இறங்கலாம்.

கேள்வி: மகளைப் பார்க்க அந்த ஊருக்குப் போகிறேன். இங்கிருந்து என்ன சாமான் கொண்டுபோக?
- வாசகி, கும்பகோணம்

பதில்: குக்கர். அங்கே தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவே வேகாது. நான் முதல் வாரம் ஒன்றரை மணி நேரம் அடுப்பில் வைத்துவிட்டு, கடைசியில் பருப்பைக் கடித்துத்தான் சாம்பார் சாப்பிட்டேன்.